பிஸ்கட்டுக்குச் சிவப்புப் பொட்டு

பள்ளி வேன் நாலு மணிக்கு எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். மருமகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஆறரைக்கு இறங்குவாள். நடுவில் இருக்கிற நூற்றைம்பது நிமிஷம், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியின் வயிறு என் பொறுப்பு. மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கிருஷ்ணகிரிக்குப் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. மகன் எந்த ஷிப்டில் இருந்தாலும் வீட்டில் இருக்கிற நேரம் அவனுக்குத் தூங்குகிற நேரம். ஆகவே குழந்தை என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள், தின்றது உடம்பில் ஒட்டுமா என்ற கவலை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. கவலைப்படுவதற்கு வீட்டில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் நான் பால் வாங்கக்கூடப் போவதில்லை.

எனக்குச் சமைக்கத் தெரிந்தவை இரண்டு: உப்புமா, காபி. முதலாவது அவளுக்குப் பிடிக்காது. இரண்டாவதைக் கொடுக்கக் கூடாது. ஆகவே மத்திகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் பாக்கெட்டாக வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடையில் சரம் சரமாகத் தொங்குபவை, அலமாரியில் அடுக்கியவை எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு வகை. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எண்ணினேன். பேத்திக்கு அவற்றில் முப்பத்தெட்டின் ருசி தெரியும்.

ஒரு வாரம், தின்ற பாக்கெட்டுகளின் உறைகளை எறியாமல் ஒரு பையில் சேர்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டி எண்ணினால் பதினேழு. பதினேழையும் வாங்கிக் கொடுத்த கை என்னுடையது.

பழைய பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். இரும்பின் மேல் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸ் அது. அதை வைத்துக்கொண்டும் பிஸ்கட் உறையைப் படிக்கச் சிரமமாக இருந்தது. முன்பக்கத்தில் ஒரு பசு, ஒரு கோதுமைக் கதிர், தரையில் கால் படாமல் குதிக்கிற ஒரு பையன். பின்பக்கத்தில், ஒட்டு மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு அட்டவணை. சோடியம் என்ற வரி பாதி மடிப்புக்குள் போயிருந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டம், ஒரு தடவை பரிமாறினால் இவ்வளவு என்று இன்னொரு கட்டம். ஒரு தடவை பரிமாறுவது என்றால் இரண்டு பிஸ்கட்டாம். பாக்கெட்டில் இருப்பது பதினொன்று. இரண்டோடு நிறுத்திய குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சர்க்கரையைக் கிராமிலிருந்து டீஸ்பூனுக்கு மாற்றினேன். பதினேழு உறைக்கும் மாற்றி, கூட்டி, அந்த அளவு சர்க்கரையை ஒரு டம்ளரில் அளந்து கொட்டிப் பார்த்தேன். டம்ளர் நிரம்பி, தட்டிலும் கொஞ்சம் விழுந்தது.

பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று அடையாளம் போட வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாகப் பத்திரிகையில் வருகிறது. நட்சத்திரம் போடலாம் என்கிறார்கள் சிலர். எச்சரிக்கையே போடலாம் என்கிறார்கள் சிலர். அவர்கள் பேசி முடிக்கிறவரை நான் காத்திருந்தால் பேத்தி கல்லூரிக்குப் போய்விடுவாள். நானே போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஓசூர் பஜாரில் வட்ட ஸ்டிக்கர் மூன்று நிறத்திலும் வாங்கி வந்தேன். தொழிற்சாலையில் பழகிய நிறங்கள்தாம். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் நிறுத்தி வை. சிவப்பு என்றால் தள்ளு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் ஒரு அளவு வைத்துக்கொண்டு சமையலறை அலமாரியில் இருந்த இருபத்தேழு பொருள்களையும் வரிசையாகச் சோதித்தேன். பச்சை நாலு, மஞ்சள் ஒன்பது, சிவப்பு பதினாலு. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும், குதிக்கிற பையனின் நெற்றியில் படுகிற மாதிரி, பொட்டு வைத்தேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கரை உரித்து உரித்துக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமான வேலையை நான் ஓய்வு பெற்ற பிறகு செய்ததில்லை.

இதில் நான் செய்த தவறு அன்று எனக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றால் குறைவாகத் தின்ன வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் தொழிற்சாலைக்காரர்கள். மகன் லேத் பட்டறையில். மருமகள் எலக்ட்ரானிக் கம்பெனியில் ஒரு லைனுக்கே பொறுப்பு. எங்கள் அகராதியில் சிவப்புக்குக் குறைவு என்ற பொருளே கிடையாது. சிவப்புச் சீட்டு விழுந்த சரக்கு லைனில் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. கம்பிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

அன்று ஞாயிறு என்றாலும் மருமகளுக்கு ஓவர்டைம் இருந்தது. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தாள். பிறகு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, சிவப்புப் பொட்டு வைத்த பதினாலையும் அதில் போட்டு, பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

"என்னம்மா பண்ற?" என்றேன்.

"ரெட் போட்டிருக்கீங்களே மாமா. அப்பறம் இங்க எதுக்கு?"

"கொஞ்சமா சாப்பிடத்தான் அந்த அடையாளம்."

"ரெட்டுல கொஞ்சம் வேற இருக்குதா? முப்பத்தொரு வருசம் நீங்க அப்படியா வேல பாத்தீங்க?"

தூங்கி எழுந்து வந்த மகன், பரணைப் பார்த்தான். "என் மிக்சர் எங்கப்பா?" என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பதினேழு நாலாகக் குறைந்தது. பேத்தி வேனிலிருந்து இறங்கினதும் கொய்யா தின்றாள், வெள்ளரி தின்றாள், அவித்த முட்டை தின்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மருந்துக்கடை எடைமெஷினில் அவளை நிறுத்தி, நோட்டில் குறித்துக்கொண்டேன். எடை இருபத்தைந்து கிலோ நானூறு. எனக்கு ஒரு பெருமை. கவலைப்பட வேறு விஷயம் தேட வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

பேத்திக்கு இந்த வேலையில் ருசி பிடித்துவிட்டது. ஸ்டிக்கர் தாள் ஒன்று எப்போதும் அவள் பையில் இருந்தது. ஒருநாள் நான் கடைக்குப் போனபோது கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் எதிரில் நின்றார். கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

"ஏனு தாத்தா, உங்க பேத்தி நம்ம அங்கடிக்கே சீல் வெச்சுட்டாளே! நோடி இங்க!"

பார்த்தேன். கைக்கு எட்டுகிற உயரம் வரை தொங்கிய ஒவ்வொரு சரத்திலும் சிவப்புப் பொட்டு. எண்ணினேன், முப்பத்திரண்டு.

"மன்னிச்சுக்குங்கம்மா. இப்பவே எடுத்துடறேன்."

"அது இருக்கட்டும். காலையிலேந்து வர்றவங்க எல்லாம், ஏன் அக்கா, இது டேட் முடிஞ்சதான்னு கேக்குறாங்க. ஒருத்தரு பொட்டு வெச்சதுக்கு ஆஃபர் இருக்குதான்னு கேட்டாரு!"

முப்பத்திரண்டையும் நின்றபடியே உரித்தேன். உரிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது: இந்த ஒரு காலை நேரத்தில் எத்தனை பேர் கையை நீட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்! பின்பக்கத்தில் பத்து வருஷமாக இருக்கிற அட்டவணை ஒருவரையும் கேட்க வைக்கவில்லை. முன்பக்க அடையாளம் வேலை செய்யும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. இதைக் கடைக்கார அம்மாளிடம் சொல்லுகிற தைரியம் மட்டும் வரவில்லை.

பாக்கெட்டுகள் முடிந்ததும் பேத்தி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, புளிச்சாதம் என்ன கலரு?"

"அதுக்கெல்லாம் கலர் கிடையாது கண்ணு. அது அம்மா செய்யறது."

"அம்மா செஞ்சா உப்பு கெடையாதா?"

நியாயமான கேள்வி. தரப் பரிசோதனையில் இருந்தவன் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சமையலறைத் தராசை எடுத்தேன். மருமகள் போடுகிற உப்பை நிறுத்து, எண்ணெயை அளந்து, எத்தனை பேருக்கு என்று வகுத்துப் பார்த்தேன். புளிச்சாதம் மஞ்சள். ஊறுகாய் ஜாடி சிவப்பு. அதில் சந்தேகமே இல்லை. வேர்க்கடலைச் சட்னி மஞ்சள். கேழ்வரகுக் கூழைப் பச்சை என்று நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். "வெல்லம் போடறாங்களே தாத்தா" என்று அவளே அதை மஞ்சளாக மாற்றினாள். நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் கணக்கு சரியாக இருந்தது, நான் மெச்சினேன்.

உகாதிக்குக் கடைக்கார அம்மாள் வீட்டில் ஒப்பட்டு செய்து, வாழை இலையில் சுற்றி, சூடாக, அவரே கொண்டுவந்தார். கடலைப்பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து, நெய் தடவிய எட்டு ஒப்பட்டு. பழைய மனஸ்தாபத்தை முடித்துக்கொள்ள வந்தவர் அவர். குழந்தையின் வாயருகே ஒன்றைப் பிய்த்து நீட்டினார்.

பேத்தி வாயை மூடிக்கொண்டு, கையால் தள்ளினாள். "ரெட்டு" என்றாள்.

"ஏனு?"

"ரெட்டு ஆன்ட்டி. இனிப்பும் அதிகம், நெய்யும் அதிகம்."

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. மருமகள் பாய்ந்து வந்து அந்தத் துண்டை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, பஞ்சு மாதிரி இருக்குது" என்று சமாளித்தாள். நான் இரண்டு தின்றேன். மூன்றாவதும் தின்றேன். ஒரு குற்றத்தை ஈடு செய்ய வேறு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு மதிய டப்பா திரும்பி வர ஆரம்பித்தது. திங்கட்கிழமை, வைத்த நாலு இட்லியில் மூன்று திரும்பியது. செவ்வாய், தக்காளிச் சாதம் அப்படியே. நடுவில் ஒரு குழி மட்டும் தோண்டியிருந்தது. புதன், சப்பாத்தி இரண்டில் ஒன்றே முக்கால். நான் டப்பாவைத் திறந்து எண்ணி எண்ணி நோட்டில் எழுதினேன். சனிக்கிழமை எடை இருபத்து நாலு அறுநூறு. அடுத்த சனி இருபத்து நாலு நூறு. முன்பு புத்தகப் பையோடு நிறுத்திவிட்டோமோ என்று யோசித்தேன், மெஷினையும் இரண்டு தரம் சந்தேகப்பட்டேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. குழந்தையின் கன்னத்தில் இருந்த பூரிப்பு போயிருந்தது. முன்பெல்லாம் வேனிலிருந்து குதிப்பாள். இப்போது படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள்.

மருமகள் அரை நாள் லீவு போட்டாள். மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். நாக்கைப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். காய்ச்சல் இல்லை, பூச்சி இல்லை.

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கற?" என்று குழந்தையையே கேட்டார்.

"எல்லாத்துலயும் உப்பு இருக்குது டாக்டர்."

"யார் சொன்னா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். மருமகள் மட்டும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

"பெரியவரே" என்றார் டாக்டர், "வளர்ற பிள்ளைக்கு உப்பும் வேணும், எண்ணெயும் வேணும், கொஞ்சம் இனிப்பும் ஒண்ணும் பண்ணாது. தினமும் பாக்கெட் வேண்டாம்னா அது சரி. சாப்பாடே வேண்டாம்னா எப்படி? முதல்ல சாப்பிட வைங்க. மருந்து ஒண்ணும் எழுதல."

மருந்து எழுதியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேளைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, குழந்தை வெளியே விளையாடப் போனதும் மருமகள் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. அவள் லைனில் நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள். சத்தம் போட வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

"மாமா, நீங்க க்வாலிட்டி. நான் புரொடக்‌ஷன். உங்க ஆளுங்களுக்கு லைன நிறுத்தத்தான் தெரியும். ஓட்டத் தெரியாது."

"நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்."

"எங்க க்வாலிட்டிக்காரரும் அதையேதான் சொல்றாரு. நல்லதுக்குத்தான் நிறுத்தறாரு. சாயந்தரம் அவுட்புட் எங்கன்னு என்னையத்தான கேக்கறாங்க? இப்ப இவ அவுட்புட் என்ன? ஒரு இட்லி!"

"பொட்டெல்லாம் உரிச்சு எறிஞ்சுடறேன்."

"உரிச்சா? அவ மனசுல ஒட்டிக்கினது உரியுமா? தாத்தா தப்பு பண்ணிட்டார்னு சொன்னா, அப்பறம் நீங்க சொல்ற எதையும் கேக்க மாட்டா. தாத்தா சொன்னது சரின்னா, சாப்பிட மாட்டா."

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாள். நான் டப்பா நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. என் வேலை நாட்களில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பி வைத்திருப்போம். ஒரு முனை நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. நடுவில் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்தக் கம்பியைப் பிடித்த கையால் ஒரு குழந்தையின் தட்டில் பொட்டு வைத்திருக்கிறேன்.

மருமகள் சமையலறைக்குள் போனாள். சாதத்தைக் குழைத்துத் தயிர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திடீரென்று கரண்டியோடு வெளியே வந்தாள்.

"மாமா, டீவியேஷன் போடலாமா?"

தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அளவில் சிறிது தவறிவிட்ட சரக்கு இருக்கும். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அளவுக்குள் இல்லை. அதை எறியவும் மனம் வராது. அப்போது ஒரு சீட்டு எழுதுவார்கள்: இந்தச் சரக்கு, இந்தக் குறை, இத்தனை எண்ணிக்கை மட்டும், இந்தத் தேதி வரை மட்டும். தயாரித்தவர் கையெழுத்திட வேண்டும், தரம் பார்க்கிறவர் கையெழுத்திட வேண்டும், வாங்குகிற வாடிக்கையாளரும் கையெழுத்திட வேண்டும். அதுதான் டீவியேஷன். என் போன்றவர்களிடம் அந்தக் கையெழுத்தை வாங்குவதற்குள் புரொடக்‌ஷன்காரர்களின் உயிர் போய்விடும். முப்பத்தொரு வருஷத்தில் நான் போட்டவை நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் மனசில்லாமல்தான் போட்டேன்.

"போடலாம்" என்றேன். நாற்பத்து நாலாவது.

மருமகள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். குழந்தையை உள்ளே கூப்பிட்டாள். தட்டில் தயிர்ச்சாதம், பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்த ஊறுகாய் ஜாடி.

"இது ரெட்டும்மா."

"தெரியும். ரெட்டுதான். அதான் சீட்டு போடறோம். படி."

பேத்தி விரல் வைத்துப் படித்தாள். பொருள்: மாங்காய் ஊறுகாய். குறை: உப்பு அதிகம். எண்ணிக்கை: ஒரு துண்டு. செல்லும் நாள்: இன்று மட்டும். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்.

"தயாரிப்பு, நான்" என்று மருமகள் போட்டாள். "தரம், தாத்தா." நான் போட்டேன். என் கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

"மூணாவது யாரும்மா?"

"கஸ்டமர்."

"கஸ்டமர் யாரு?"

"நீதான்டி. சாப்பிடறது யாரு?"

பேத்தி பேனாவைக் கையில் எடுத்தாள். "தாத்தா வேண்டாம்னு சொல்லி, கஸ்டமர் வேணும்னு சொன்னா?"

"கஸ்டமர் சொன்னா முடிஞ்சுது" என்றாள் மருமகள். "எம்.டி.யே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கேளு உங்க தாத்தாவ."

என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை. என் நாற்பத்து மூன்றில் முப்பதுக்கு மேல் அப்படி வந்தவைதான்.

பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு துண்டு ஊறுகாயை நுனியில் கடித்து, ஒரு வாய் தயிர்ச்சாதம். கடித்து, ஒரு வாய். துண்டு தீர்வதற்குள் தட்டு தீர வேண்டுமே என்று பார்த்துப் பார்த்துக் கடித்தாள். தட்டு தீர்ந்தது. தயிர்ச்சாதத்துக்கு நாங்கள் சீட்டே எழுதவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் ஒரு தட்டைக் கழுவினாள்.

அந்த வாரம் பத்தொன்பது சீட்டு. இரண்டு பிஸ்கட், சனிக்கிழமை மட்டும். மூன்று ஸ்பூன் சட்னி, இன்று மட்டும். மகன் பரண் பெட்டியை இறக்கி, "மிக்சர், ஒரு பாக்கெட், உடனே" என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான். நானும் மருமகளும் போட்டோம். கஸ்டமர் இடத்தில் அவன் கையெழுத்தைப் பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பா, குறை என்னன்னு எழுதல. ரிஜெக்ட்" என்றாள். அவன் திரும்பப் போய் எழுதி வந்தான்: குறை: பசி.

அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் நாலு. அதில் ஒன்றைக் கடைக்கார அம்மாளுக்கு எழுதினாள். குழந்தை நேராகக் கடைக்குப் போய்ச் சீட்டை நீட்டி, "ஆன்ட்டி, ஒப்பட்டு ஒண்ணு, எப்ப செஞ்சாலும்" என்றாளாம். அந்த அம்மாள் கையெழுத்துக்குப் பதில் கன்னடத்தில் தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு சீட்டு எழுதுகிற ஆட்டம் அவளுக்கு அலுத்துவிட்டது. ஸ்டிக்கர் தாளில் மிச்சமிருந்தவற்றைக் கொண்டு நோட்டு அட்டையில் பூ ஒட்டிவிட்டாள். அலமாரியில் இருந்தவற்றைத் தேங்காய் எண்ணெய் தடவி நான் துடைத்தேன்.

லென்ஸ் மட்டும் இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. கடையில் நின்று, பாக்கெட்டைத் திருப்பி, படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். அடையாளம் வேண்டியது வாங்குகிற கைக்கு. பதினேழு உறையை வாங்கியது எட்டு வயதுக் கை இல்லை. முன்பக்கத்தில் அதைக் கம்பெனிக்காரர்களே அச்சடிக்கிற நாள் வந்தால், கடைக்கார அம்மாள் என்ன சொன்னாலும் சரி, நான் முதல் ஆளாகப் போய் நின்று பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது அவள் மூன்று படிக்கட்டையும் விட்டுத் தரையில் குதித்தாள். டப்பாவை ஆட்டிக் காட்டினாள்; உள்ளே ஸ்பூன் மட்டும் உருண்டது.

"தாத்தா, பசிக்குது."

நான் இப்போது தோசை சுடக் கற்றிருக்கிறேன். வட்டம் வருவதில்லை. ஒன்று கர்நாடகா மாதிரி வருகிறது, இன்னொன்று இலங்கை மாதிரி வருகிறது. கல்லிலிருந்து எடுத்து வைக்க வைக்க அவள் தட்டு காலியாயிற்று. முதல் மூன்றுக்குச் சட்னி. நாலாவதுக்கு ஊறுகாய், கேட்கவே இல்லை, அவளே ஜாடியைத் திறந்து எடுத்துக்கொண்டாள். ஐந்தாவதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனவள், மென்றுகொண்டே வெறுங்கையோடு திரும்பி வந்து, "இன்னும் ஒண்ணு" என்றாள். பாத்திரத்தை வழித்து ஊற்றினேன்.

ஆறரைக்கு மருமகள் வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, மாவுப் பாத்திரத்தைத் திறந்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். அவளுக்கும் என் மகனுக்கும் இரவுக்கு வைத்திருந்த மாவு.

"மாமா! மாவு எங்க?"

"முடிஞ்சுது."

"ரெண்டு பேரும் சேந்தா?"

"நான் ஒண்ணுகூடச் சாப்பிடல."

காலிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். வாசலில் பாண்டி கட்டத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்த மகளை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலிப் பாத்திரத்தைப் பார்த்து அப்படிச் சிரித்த புரொடக்‌ஷன்காரரை நான் கண்டதில்லை.

"எத்தன மாமா?"

"அஞ்சர" என்றேன். "அரை கொஞ்சம் பெரிசு. முக்கால்னே வெச்சுக்கலாம்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டை இழுத்துப் பார்க்க மறந்து, மாவு வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.